ஃப்ளோரிடாவின் மேற்குக் கரையில் ஒரு படகு, நாங்கள் இருவர், ஒரு ஜனவரி

மிச்சிகனுக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. ஒவ்வொரு ஜனவரியும் பனி வாருவதிலேயே கழியும். 2022 ஜனவரியில் ஒமிக்ரான் வேறு உச்சத்தில் இருந்தது, விமானத்தில் ஏறி ஓட்டலில் கூட்டத்தோடு தங்க எங்கள் இருவருக்குமே மனமில்லை, மகளும் கல்லூரி விடுதிக்குத் திரும்பிவிட்டாள், அதனால் இவர் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த படகுப் பயணத்துக்கு நான் சரி என்றேன். காரிலேயே இரண்டு நாள் ஓட்டி ஃப்ளோரிடா போய், 36 அடி நீளமுள்ள ட்ராலர் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து, சார்லட் ஹார்பர் என்ற விரிகுடாவிலிருந்து ஃபோர்ட் மையர்ஸ் வரை, மரீனா எனப்படும் படகுத்துறைகளில் தங்கித் தங்கிப் போய் வந்தோம். திரும்பி வந்ததிலிருந்து நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், இரண்டு பேரால் முடியுமா, பயமாக இல்லையா, எவ்வளவு ஆனது என்று. தெரிந்ததை எல்லாம் இங்கே எழுதிவிடுகிறேன்.

ட்ராலர் என்றதும் நம் ஊர் மீன்பிடி விசைப்படகை நினைக்க வேண்டாம். உருவத்தில் அந்தச் சாயல் உண்டு, ஆனால் உள்ளே படுக்கையறை, சமையலறை, குளியலறை எல்லாம் இருக்கும் பயணப் படகு அது. ஒரே ஒரு டீசல் எஞ்சின், வேகம் 7 நாட் அளவு, அதாவது மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர். இந்த வேகம்தான் புதியவர்களுக்குப் பாதுகாப்பு. மிச்சிகன் ஏரிகளில் சின்னப் படகு ஓட்டிய அனுபவம் எங்களுக்குப் பத்து வருஷம் இருந்தது, அதைக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்கள். எங்கள் இருவரிடம் மட்டும் விடுவதற்கு முன்னால் ஒரு கேப்டன் ஒன்றரை நாள் கூட வந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: 1988 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் ஃப்ளோரிடாவில் 10 குதிரைசக்தியோ அதற்கு மேலோ உள்ள படகை ஓட்ட, படகுப் பாதுகாப்புப் படிப்பு முடித்த அட்டை வேண்டும். எங்கள் வயதுக்கு அது தேவைப்படவில்லை, ஆனாலும் இருவரும் இணையத்தில் அந்தப் படிப்பை முடித்துவிட்டுத்தான் போனோம். அந்த ஒரு வாரப் படிப்பு ஒவ்வொரு நாளும் கைகொடுத்தது.

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே நான் எக்செலில் அட்டவணை போட்டுவிட்டேன். எந்த நாள் எந்த மரீனா, எத்தனை மணிக்குப் புறப்பாடு, எங்கே மதியச் சாப்பாடு எல்லாம் அதில் இருந்தது. எல்லா மரீனாவுக்கும் முன்பணமும் கட்டியாகிவிட்டது. இந்தப் பயணத்தில் நாங்கள் செய்த பெரிய தவறு அதுதான், மற்ற சின்னத் தவறுகள் எல்லாம் அதிலிருந்து பிறந்தவை.

ஜனவரி 8 சனிக்கிழமை பர்ன்ட் ஸ்டோர் மரீனாவில் வாடகைப் படகை எடுத்துக்கொண்டோம். ஞாயிறு மதியம் கேப்டன் இறங்கிக்கொள்ள, ஹார்பரைக் குறுக்கே கடந்து பொக்கா கிராண்டே ஊருக்குப் போனோம், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கடல் தட்டை போல் இருந்தது. ஓட்டுவதில் ஒரு கஷ்டமும் இல்லை, கஷ்டமெல்லாம் ஜெட்டியில், அதாவது படகைக் கட்டும் துறைமேடையில், கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான். ஒற்றை ப்ரொப்பெல்லர் படகு பின்னால் எடுக்கும்போது நேராக வராது, பின்பக்கம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். எங்கள் படகு இடப்பக்கம் இழுத்தது. எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரிந்துகொண்டால் அதையே வைத்து நேர்த்தியாகத் திருப்பலாம், தெரியாவிட்டால் பக்கத்துப் படகில் போய் முட்ட வேண்டியதுதான்.

முதல் நாளே நாங்கள் வேலையை மாற்றிக்கொண்டோம். நான் சுக்கான் பிடித்தேன், இவர் கயிறு பார்த்தார். பல ஜோடிகளில் கணவர் ஓட்டுவார், மனைவி கயிற்றோடு முன்னால் நின்று தவிப்பார். பலம் தேவைப்படுவது கயிற்றுக்கு, சுக்கானுக்கு நிதானம் போதும். இரண்டு பேரும் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டோம், எஞ்சின் சத்தத்தில் "என்னங்க, எவ்வளவு தூரம் இருக்கு?" என்று நான் கத்த வேண்டியிருக்கவில்லை, "நாலு அடி, மெதுவா வா" என்று காதுக்குள்ளேயே பதில் வரும். மரீனாவுக்குள் நுழையும் முன்பே ரேடியோவில் கூப்பிட்டு எந்தப் பக்கம் கட்டுவது என்று கேட்டு, படகு உரசாமல் தாங்கும் ஃபென்டர்களை அந்தப் பக்கம் தொங்கவிட்டுவிட வேண்டும்.

கேப்டன் கற்றுக்கொடுத்ததிலேயே விலைமதிப்பில்லாத பாடம் ஸ்ப்ரிங் லைன். படகின் நடுப்பகுதியிலிருந்து ஒரே ஒரு கயிற்றை எடுத்து ஜெட்டியில் நமக்குப் பின்னால் இருக்கும் குற்றியில் மாட்டி, சுக்கானை ஜெட்டிக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, எஞ்சினை முன்னோக்கி மிகக் குறைந்த வேகத்தில் விட்டால் படகு தானாக ஜெட்டியோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். அதற்குப் பிறகு அணியத்துக் கயிறு, அமரத்துக் கயிறு எல்லாம் நிதானமாகக் கட்டலாம். முன்புறம் அணியம், பின்புறம் அமரம் என்று தூத்துக்குடியில் என் தாத்தா வீட்டுப் பக்கம் சொல்லுவார்கள், அந்தச் சொற்களை நாற்பது வருஷம் கழித்து இங்கே பயன்படுத்தியதில் எனக்கு அத்தனை சந்தோஷம். படகிலிருந்து ஜெட்டிக்குத் தாவக் கூடாது என்பதும் விதி. பொக்கா கிராண்டேயில் இவர் தாவினார், கணுக்கால் பிசகி நாலு நாள் பட்டை கட்டிக்கொண்டுதான் நடந்தார்.

பொக்கா கிராண்டேயில் இரண்டு பக்கமும் ஆலமரங்கள் கவிந்த ஒரு தெரு இருக்கிறது, பெயரே பேன்யன் ஸ்ட்ரீட். விழுதுகளுக்கு நடுவே நடந்தபோது ஊர் ஞாபகம் வந்துவிட்டது. அன்று இரவு ஸ்டோன் கிராப் சாப்பிட்டோம். அக்டோபர் 15 முதல் மே 1 வரைதான் அதற்குப் பருவம், நண்டைப் பிடித்துக் கொடுக்கை மட்டும் எடுத்துவிட்டுக் கடலிலேயே திரும்ப விட்டுவிடுவார்கள், கொடுக்கு மறுபடி வளரும். குளிர்காலத்தில் போகிறவர்கள் தவறவிடாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை காயோ கோஸ்டா தீவின் பின்புறம், பெலிக்கன் பே என்ற இடத்தில் நங்கூரமிட்டோம். அந்தத் தீவுக்குப் பாலம் கிடையாது, படகில்தான் போக முடியும், தீவின் பெரும்பகுதி மாநிலப் பூங்கா. நங்கூரக் கணக்கு ஒன்று சொல்கிறேன், இதைத் தப்பாகப் போடுகிறவர்கள் நிறைய. தண்ணீர் 8 அடி ஆழம், தண்ணீர் மட்டத்திலிருந்து அணியம் 5 அடி உயரம், ஆக 13 அடி. இதை ஏழால் பெருக்கினால் 91 அடி. அவ்வளவு வடம் விட வேண்டும். பலர் வெறும் எட்டை மட்டும் பெருக்கி, ராத்திரியில் இழுபட்டுப் போவார்கள். சாயங்காலம் டால்ஃபின்கள் படகைச் சுற்றி வந்தன. மேல் தளத்தில் உட்கார்ந்து டீ குடித்தோம், அன்று நாங்கள் பேசியதைப் போல வீட்டில் பேசி எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று தெரியவில்லை.

அன்று இரவு வடக்கிலிருந்து காற்று வீசத் தொடங்கியது. அந்தக் கரையில் குளிர்காலத்துச் சூட்சுமமே இதுதான். வாரத்துக்கு ஒன்று என்கிற கணக்கில் வடக்கிலிருந்து கோல்ட் ஃப்ரன்ட், அதாவது குளிர்காற்றுத் திரளின் முன்விளிம்பு, இறங்கும். முதலில் காற்று தென்கிழக்கிலிருந்து தெற்குக்கும் தென்மேற்குக்கும் மெல்லத் திரும்பும், வெயில் கதகதப்பாக, ஆகா என்று இருக்கும். அப்புறம் ஒரு மழைக்கோடு கடந்து போகும், உடனே காற்று வடமேற்கு, வடக்கு என்று மாறி இரண்டு மூன்று நாள் விடாமல் அடிக்கும். நம் வாடைக் காற்றேதான், ஆனால் பலமடங்கு வேகத்தில். இந்த வடக்குக் காற்று விரிகுடாவிலிருக்கும் தண்ணீரையே வெளியே தள்ளிவிடும். அந்தப் பக்கம் ஓதம் ஏறி இறங்குவதே இரண்டு அடி அளவுதான், அதில் காற்று ஓர் அடியைத் தள்ளிவிட்டால் சார்ட்டில், அதாவது கடல் வரைபடத்தில், போட்டிருக்கும் ஆழத்தை நம்ப முடியாது.

கேப்டன் இதைச் சொல்லியிருந்தார். எனக்கும் தெரியும். ஆனால் புதன்கிழமை கேப்டிவா தீவில் ஒரு மரீனாவுக்குப் பணம் கட்டியிருந்தோம், ரத்து செய்தால் திரும்ப வராது. அதனால் காலை எட்டு மணிக்கு, ஓதம் வற்றியிருந்த நேரத்தில், நங்கூரத்தைத் தூக்கிக் கிளம்பினோம். பெலிக்கன் பேயின் வாசல் மணல்திட்டை ஒட்டிப் போகும் குறுகலான வழி. ஆழம் காட்டும் கருவியில் 6 அடி, 5 அடி, 4.5 அடி என்று எண் இறங்கிக்கொண்டே வந்தது, எங்கள் படகு மூழ்கியிருக்கும் ஆழமே 4 அடி. நான் நிறுத்துவதற்குள் மெத்தையில் உட்கார்ந்தது போல் படகு மெதுவாகத் தட்டி நின்றுவிட்டது.

அப்போது நான் செய்த காரியம் தப்பு. பின்னோக்கி எஞ்சினை முடுக்கினேன். தண்ணீர் பழுப்பாகக் கலங்கியது, மணலும் கடற்புல்லும் மேலே வந்தன, இரண்டு நிமிஷத்தில் எஞ்சின் வெப்பம் ஏறத் தொடங்கியது. கடல்நீரை உறிஞ்சி எஞ்சினைக் குளிர்விக்கும் குழாயில் ஒரு வடிகட்டி இருக்கும், ஸ்ட்ரெய்னர் என்பார்கள், அதில் புல் அடைத்துக்கொண்டது. இவர் உடனே எஞ்சினை நிறுத்தச் சொல்லிக் கீழே இறங்கி அதைக் கழற்றிச் சுத்தம் செய்தார். அதை எப்படித் திறப்பது என்று முதல் நாளே செய்து பார்த்திருந்ததால் பத்து நிமிஷத்தில் முடிந்தது. படகை வாடகைக்கு எடுக்கும்போது நீங்களும் உங்கள் கையாலேயே ஒருமுறை திறந்து மூடிப் பாருங்கள், வீடியோ எடுத்துக்கொண்டால் மட்டும் போதாது.

பிறகு சும்மா இருந்தோம். தோசை சுட்டுச் சாப்பிட்டோம், டெக்கில் படுத்தோம், மதியம் ஒரு மணிக்கு மேல் ஓதம் ஏறி, படகு தானாக அசைந்து மிதந்தது. மணலில் மெதுவாகத் தட்டிய படகுக்கு இதுதான் சரியான வைத்தியம், காத்திருப்பது. பாறை என்றாலோ, அலை அடித்தாலோ, தண்ணீர் வற்றிக்கொண்டே போகும் நேரம் என்றாலோ உடனே இழுவைப் படகைக் கூப்பிட வேண்டும். வாடகைக் கட்டணத்தில் இழுவைச் சேவை சேர்ந்திருக்கிறதா என்று முன்பே கேளுங்கள், இல்லையென்றால் தனியாக வருடச் சந்தா கட்டிவிடுங்கள்.

அந்தப் புல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நாங்கள் தட்டிய இடம் இருக்கும் பைன் ஐலண்ட் சவுண்ட் பாதுகாக்கப்பட்ட நீர்ப்பகுதி. ப்ரொப்பெல்லர் கீறிய இடத்தில் கடற்புல் மறுபடி வளர வருஷக்கணக்கில் ஆகும். மானட்டி என்கிற கடற்பசு இந்தப் புல்லைத்தான் தின்று வாழ்கிறது, நம் மன்னார் வளைகுடாவில் இருக்கும் ஆவுளியாவுக்குத் தூரத்துச் சொந்தம். 2021இல் மட்டும் ஃப்ளோரிடாவில் 1,100 மானட்டிகள் செத்துப்போயின, கிழக்குக் கரைக் காயலில் புல் அழிந்து பட்டினியால் செத்தவை அவற்றில் மிக அதிகம். நாங்கள் போயிருந்த அதே குளிர்காலத்தில் கேப் கனவெரல் பக்கம் அரசாங்கமே அவற்றுக்கு லெட்யூஸ் கீரை போட்டுக்கொண்டிருந்தது. நான் கிளப்பிவிட்ட புல்லை நினைத்து அன்று முழுவதும் எனக்கு மனசு சரியில்லை.

கேப்டிவாவில் ஒன்றரை நாள். வெயில், கடற்கரை, சிப்பி பொறுக்குவது, அவ்வளவுதான். பக்கத்துச் சானிபெல் தீவில் உயிருள்ள சிப்பியை எடுக்கத் தடை உண்டு, உள்ளே பார்த்துவிட்டு எடுங்கள். கேப்டிவாவுக்கும் நார்த் கேப்டிவாவுக்கும் நடுவே இருக்கும் ரெட்ஃபிஷ் பாஸ் 1921ஆம் வருஷப் புயலில் உடைந்து உண்டான வழி என்று மரீனாவில் சொன்னார்கள். அதற்கு முன்னால் இரண்டும் ஒரே தீவு.

வெள்ளிக்கிழமை கேபேஜ் கீ என்ற சின்னத் தீவு. பழங்காலக் கலூசா மக்கள் சிப்பி ஓடுகளைக் குவித்து உண்டாக்கிய மேட்டின் மேல் ஒரு பழைய வீடு, அது இப்போது உணவகம், சுவர் முழுக்க ஆட்கள் ஒட்டிவிட்டுப்போன டாலர் நோட்டுகள். தீவில் கார் கிடையாது. பக்கத்தில் கட்டியிருந்த படகில் ஒஹையோவிலிருந்து வந்த எழுபது வயதுத் தம்பதி, பதினைந்து குளிர்காலமாக வருகிறார்களாம். சாயங்காலம் அந்தப் பெரியவர் எங்கள் திட்டத்தைக் கேட்டார். சனிக்கிழமை யூசெப்பா தீவருகே நங்கூரம், ஞாயிறு காலை சானிபெல் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ரேடியோவில் வானிலை அலைவரிசையைப் போட்டுவிட்டார். ஞாயிறு காலை பலமான ஃப்ரன்ட், இடியோடு மழை, டொர்னாடோ என்கிற சூறாவளிச் சுழலுக்கும் வாய்ப்பு. "ஞாயிறு எங்கே இருக்கணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க, சனிக்கிழமை தானா முடிவாகிடும்" என்ற அர்த்தத்தில் அவர் சொன்னது என் எக்செலை அப்படியே புரட்டிப் போட்டது. இவர் என்னைப் பார்த்தார். "முன்பணம் போனா போகுதும்மா" என்றார். சானிபெல் முன்பதிவை விட்டுவிட்டோம்.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பி கலூசஹாச்சி ஆற்றில் ஏறி ஃபோர்ட் மையர்ஸ் நகரத்துக்குள் போய்விட்டோம், ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆற்று முகத்துவாரத்தில் ஒரு மைல் நீளத்துக்கு மிஸரபிள் மைல் என்று பெயர், பெயருக்குக் காரணம் உண்டு. நீரோட்டம் பக்கவாட்டில் அடித்துப் படகைக் குறுகிய வழியிலிருந்து நைசாக வெளியே தள்ளும். முன்னால் இருக்கும் அடையாளக் கம்பத்தை மட்டும் பார்த்தால் நேராகப் போவதாகத்தான் தோன்றும். திரும்பிப் பின்னால் கடந்து வந்த கம்பத்தையும் பார்க்க வேண்டும், இரண்டுக்கும் நடுவே ஒரே கோட்டில் இருக்கிறோமா என்று. இவருக்கு அது ஒன்றே வேலை, பின்னால் பார்த்து "வலது, வலது, போதும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அடையாளங்களைப் பற்றியும் ஒன்று: அந்தக் கரையோர உள்வழியில் வடக்கே போனால் சிவப்பு நம் வலப்பக்கம், தெற்கே போனால் இடப்பக்கம். வேறு வழிகள் வந்து கலக்கும் இடத்தில் குழப்பம் வரும், அப்போது கம்பத்தில் இருக்கும் சின்ன மஞ்சள் முக்கோணத்தையும் மஞ்சள் சதுரத்தையும் பார்த்துப் போக வேண்டும். ஆற்றில் மானட்டிக்காக மெதுவேகப் பகுதிகள் நிறைய, நேரக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இருட்டுவதற்குள் எல்லாக் கயிறுகளையும் இரட்டிப்பாகக் கட்டினோம். மேல் தளத்தில் பறக்கக்கூடிய நாற்காலி, மெத்தை, துணி எல்லாம் உள்ளே போனது. ஜனவரி 16 ஞாயிறு காலை இரண்டு போன்களும் ஒரே நேரத்தில் அலறின, சூறாவளிச் சுழல் எச்சரிக்கை. படகை அப்படியே விட்டுவிட்டுக் கரையிலிருந்த கட்டடத்துக்கு ஓடி உட்கார்ந்தோம். படகு எவ்வளவு கெட்டியாகக் கட்டியிருந்தாலும் அந்த நேரத்தில் அதற்குள் இருக்கக் கூடாது. மழை கிடைமட்டமாக அடித்தது, அரை மணி நேரம் இருக்கும், அப்புறம் திடீரென்று குளிர்ந்து வடமேற்குக் காற்று. எங்கள் படகுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதே காலையில் நகரத்துக்குத் தெற்கே அயோனா பகுதியில் சுழல் இறங்கி, வீடுகளைச் சிதைத்துவிட்டது. நாங்கள் முந்தின நாள்தான் ஆற்றில் அந்தப் பக்கமாகக் கடந்து வந்திருந்தோம். செய்தியில் படங்களைப் பார்த்துவிட்டு இருவருமே வெகுநேரம் பேசவில்லை. ஒஹையோ பெரியவருக்கு நன்றி சொல்லி ஒரு செய்தி அனுப்பினேன்.

திங்கட்கிழமையும் காற்று நிற்கவில்லை. படகு அலுவலகத்துக்குப் போன் செய்து ஒரு நாள் தாமதமாகக் கொண்டுவருகிறோம் என்றேன், காற்றுதான் காரணம் என்றதும் உடனே சரி என்றார்கள். அந்த நாளில் எடிசன், ஃபோர்ட் இருவருடைய குளிர்கால வீடுகளைப் பார்த்தோம். எடிசன் 1885இல் அங்கே நிலம் வாங்கினார், ஹென்றி ஃபோர்ட் 1916இல் பக்கத்து வீட்டை வாங்கினார். எடிசனின் பழைய ஃபோர்ட் மையர்ஸ் ஆய்வகம் எங்கள் ஊர்ப் பக்கம் டியர்போர்னில், கிரீன்ஃபீல்டு வில்லேஜில் இருக்கிறது, ஃபோர்டுதான் பெயர்த்துக் கொண்டுபோனார். மகளைச் சின்ன வயதில் அங்கே பலமுறை கூட்டிப்போயிருக்கிறோம், அந்தக் கட்டடம் நின்ற தோட்டத்தில் இப்போது நாங்கள். ரப்பர் ஆராய்ச்சிக்காக 1920களில் நட்ட ஆலமரம் ஒன்று ஏறக்குறைய ஓர் ஏக்கருக்குப் பரந்து நிற்கிறது. அட்டவணைப்படி போயிருந்தால் இதைப் பார்த்திருக்கவே மாட்டோம்.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மரீனாக் கட்டணம் படகின் நீளத்துக்கு, ஓர் இரவுக்கு அடிக்கு 2 முதல் 4 டாலர் வரை எங்களுக்கு ஆனது, மின்சாரம் சில இடங்களில் தனி. டீசல் நாங்கள் பயந்த அளவு இல்லை, மணிக்கு இரண்டரை கேலன் அளவுதான். பெரிய செலவு படகு வாடகை. கழிவுத் தொட்டியைக் கடலில் திறந்துவிடக் கூடாது, மரீனாவில் பம்ப்-அவுட் செய்துகொள்ள வேண்டும், தொட்டி நிரம்பும்வரை காத்திருக்காமல் வாய்ப்பு கிடைக்கும்போதெல்லாம் செய்துவிடுங்கள். சமையலுக்கு அரிசி களையும் தண்ணீர்கூடக் கணக்குதான், அதனால் நங்கூரமிட்ட நாட்களில் தோசை, சப்பாத்தி, மரீனாவில் இருக்கும் நாட்களில் சாதம், சாம்பார். மிச்சிகன் ஜனவரியில் மாவு பொங்க ஓவனுக்குள் வைப்பேன், அங்கே மேடையிலேயே ஒரே இரவில் பொங்கி வழிந்தது. ஸ்வெட்டர் கட்டாயம் எடுத்துப் போங்கள், ஃப்ரன்ட் வந்தபின் காலை நேரம் 8 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது.

புதன்கிழமை காற்று அடங்கியதும் ஒரே மூச்சில் பர்ன்ட் ஸ்டோருக்குத் திரும்பினோம். வழியில் பெலிக்கன் பே பக்கம் வந்தபோது இவர் சார்ட் புத்தகத்தில் நாங்கள் தட்டிய இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, நாங்கள் பார்த்த ஆழங்களையும் எழுதி வைத்தார்.

எட்டு மாதம் கழித்து, 2022 செப்டம்பர் 28 அன்று, இயன் புயல் நான்காம் வகையாக, மணிக்கு 150 மைல் காற்றோடு கரை ஏறியது அதே காயோ கோஸ்டாவில்தான். சானிபெல்லுக்குப் போகும் பாலச்சாலை பல இடங்களில் உடைந்தது. ஃபோர்ட் மையர்ஸில் நாங்கள் கயிறு கட்டிய ஜெட்டிகள் இருந்த இடத்தில் படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த படங்களைப் பார்த்தேன். ஒஹையோ தம்பதிக்கு அன்றே போன் செய்தோம், படகு வேறு ஊரில் இருந்தது, இருவரும் நலம்.

அந்தச் சார்ட் புத்தகம் இன்னும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. கேட்கிற நண்பர்களுக்கு இவர் எடுத்துக் காட்டுவார், கொடுக்க மாட்டார். மணல் இடம் மாறியிருக்கும், பென்சிலில் எழுதிய ஆழங்கள் 2022 ஜனவரிக்கு மட்டும்தான். போகிறவர்கள் புதிய சார்ட் வாங்கிக்கொள்ளுங்கள், பெலிக்கன் பே வாசலுக்கு ஓதம் ஏறும் நேரத்தில் போங்கள். நாங்கள் அடுத்த முறைக்கு முதல் இரவையும் கடைசி இரவையும் மட்டும்தான் முன்பதிவு செய்திருக்கிறோம்.